துருவும் படாக்கும்

சாத்தம் தீவை ஹாடோவோடு இணைக்கும் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அறுத்த மரத்தின் மணம் நம்மை எதிர்கொண்டு அழைப்பதுண்டு. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரின் வரலாறு இச்சிறு தீவில்தான் தொடங்குகிறது. 1789-இல் ஆர்ச்சிபால்டு பிளேர் தம் முதற் குடியேற்றத்தை இங்கேயே அமைத்தார். சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. 1858 மார்ச்சில் கைதிகளை ஏற்றி வந்த கப்பலும் முதலில் இங்கேயே ஆட்களை இறக்கியது. குடிநீர் போதாமையால் அவர்கள் பின்னர் ராஸ் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1883-இல் மரம் அறுக்கும் ஆலை எழுந்தது. ஆசியாவின் மிகப் பழைய மரஆலைகளுள் ஒன்றாக இன்றும் அது எண்ணப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து உண்டான பள்ளத்தை ஆலை வளாகத்தில் இப்போதும் காணலாம். 2002-இல் உச்ச நீதிமன்றம் இத்தீவுகளில் மரம் வெட்டுவதைப் பெரிதும் கட்டுப்படுத்தியபின் ஆலையின் வேலை சுருங்கியது. மணம் மட்டும் மாறவில்லை.

இங்கிருந்து சென்ற படாக் மரம் உலகைச் சுற்றியிருக்கிறது. அமெரிக்காவின் புகழ்பெற்ற புல்மன் இரயில் பெட்டிகளுக்கு உள்ளழகு தந்த மரங்களுள் அந்தமான் படாக்கும் ஒன்று. காட்டில் நின்ற மரம் கடல் கடந்து போய் வண்டியாகிறது. ஊரில் நின்ற மனிதன் கடல் கடந்து வந்து தீவினன் ஆகிறான். போன மரமும் வந்த மனிதனும் தம் பழைய பெயருக்கு இன்னும் உரியவர்தாமா என்பது எளிய கேள்வி அன்று. அக்கேள்வியை ஒரு படாக் பலகை அண்மையில் நம் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அப்பலகை இருப்பது ஒரு பழைய காரில்.

ஒரு பெரியவரும் அவர் வண்டியும்

இராமநாதபுரம் பகுதியிலிருந்து 1960-களில் இங்கு வந்து, வண்டிகளைப் பழுது பார்க்கும் தொழிலில் நிலைத்த பெரியவர் ஒருவரை நாம் நெடுங்காலம் அறிவோம். அவர் 1979-இல் சென்னையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பழைய விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். அது 1969-இல் செய்யப்பட்டது. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் இருந்த தொழிற்சாலையில், தமிழ்த் தொழிலாளர் கையால் உருவான வண்டி அது. ஹெரால்டு பிறந்த இங்கிலாந்தில் அதற்கு இரண்டே கதவுகள். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. வெளிநாட்டில் பிறந்து, நம் ஊரில் குடும்பத்துக்கு ஏற்றபடி கதவு கூட்டிக்கொண்ட வண்டி என்று பெரியவர் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வண்டி இருபத்தைந்தடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். ஆகவே மேடும் வளைவுமான நம் தெருக்களுக்கு அது பொருந்தியது. ஆனால் நம் காற்றுக்குப் பொருந்தவில்லை. ஹெரால்டுக்கு அடிச்சட்டம் தனி, மேற்கூடு தனி. அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் கிளைத்து மேற்கூட்டைத் தாங்கும் இரும்புக் கைகள் நனைந்தால் விரைவில் துருப்பிடிக்கும். உப்புக்காற்றும் ஆண்டில் பாதிக்குமேல் மழையும் உள்ள தீவில் அவை எத்தனை நாள் தாங்கும்? பெரியவர் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு பகுதியைச் சுரண்டினார். தகடு வைத்துப் பற்றவைத்தார். பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசினார். தொழிற்சாலை வைத்த டேஷ்போர்டு ஈரத்தில் ஊதிப் பிளந்தபோது, சாத்தம் ஆலைக் கிடங்கில் விலை கொடுத்து வாங்கிய படாக் துண்டு ஒன்றை இழைத்துப் பொருத்தினார். வேகமானிக்கும் சாவிக்கும் தம் கையாலேயே துளை குடைந்தார். செம்மண் நிறமான அந்தப் பலகை நாளடைவில் கருஞ்சிவப்பாக முதிர்ந்தது.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது அவர் குடும்பம் சிப்பிகாட்டில் இருந்தது. தென் அந்தமான் நிலம் அன்று ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. நெல் விளைந்த வயல்களில் கடல் ஏறி, ஏறிய கடல் அங்கேயே தங்கிவிட்டது. கொட்டகையில் நின்ற காரும் உப்புநீரில் மூழ்கியது. “மனிதர் பிழைத்தாரே, அது போதும், வண்டியை விட்டுவிடுங்கள்” என்று எல்லாரும் கூறினர். நாமும் கூறினோம். பெரியவர் மறுமொழி சொல்லவில்லை. வண்டியை இழுத்து வந்து மேட்டில் நிறுத்தி, நல்ல நீரால் நாள் கணக்கில் கழுவினார். எஞ்சினைப் பிரித்தார். தரைத்தகடு முழுவதையும் புதிதாக்கினார். சட்டத்தின் கைகளை மீண்டும் மாற்றினார். பதினான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மாலை அவ்வண்டி நம் வீட்டு வாசலில் வந்து நின்றது. உப்புநீரில் மூழ்கியும் பிளக்காமல் இருந்தது அந்தப் படாக் பலகைதான்.

பெரியவர் மூன்றாண்டுகளுக்கு முன் மறைந்தார். மூத்த மகன் சென்னையில் நல்ல நிலையில் இருக்கிறார். பழங்கார் ஆர்வலரோடு பழக்கம் உடையவர். இளையவர் இங்கே தந்தையின் பட்டறையை நடத்துகிறார். மூத்தவர் வண்டியைச் சென்னைக்குக் கொண்டுசென்று, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தவாறே ஆக்கிக் காட்சிகளில் நிறுத்த விரும்பினார். அதற்கு முதற் பணியாகப் படாக் பலகையை எடுத்துவிட வேண்டும் என்றார். “அப்பா அன்றாடம் கை வைத்த இடம் அதுதானே, அண்ணா” என்றார் இளையவர். “அது ஹெரால்டு அன்று, தம்பி, ஹெரால்டில் செய்த ஒட்டுவேலை” என்றார் மூத்தவர். இருவரும் நல்லவர், இருவரும் தந்தையை நேசிப்பவர். “நீங்களே சொல்லுங்கள், ஐயா” என்று இருவரும் நம்மிடம் வந்தனர். அவர்களுக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. எண்ணிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

மன்றங்கள் தோன்றிய வகை

பழங்காரைப் பேணுவது செல்வர் விளையாட்டு என்று ஒதுக்குவது எளிது. அதன் வரலாற்றைச் சற்று நோக்கினால் அவ்வளவு எளிதில் ஒதுக்க மனம் வராது.

காரல் பென்சு தம் மூன்று சக்கர உந்துக்கு உரிமம் கோரியது 1886-இல். பத்தே ஆண்டுகளில், 1896 நவம்பரில், இலண்டனிலிருந்து பிரைட்டனுக்கு உந்துகள் அணிவகுத்தன. சாலையில் அவற்றைக் கட்டியிருந்த பழைய சட்டம் தளர்ந்ததைக் கொண்டாடிய ஓட்டம் அது. 1927-இல் அதே வழியில் பழைய வண்டிகளைக் கொண்டு நினைவோட்டம் நடத்தினர். 1930-இல் இங்கிலாந்தில் பழங்கார் மன்றம் தோன்றியது. நம் நாட்டில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964-இல் தில்லியில் தொடங்கிய பேரணி இதற்கு வழிகாட்டியாயிற்று. நிசாம் இரயில்வேயில் தொண்டு புரிந்த 1914-ஆம் ஆண்டுத் தீயணைப்பு உந்து, தன் கெட்டி ரப்பர்ச் சக்கரங்களோடு அப்பேரணியில் ஓடிப் பெயர் பெற்றது.

சென்னைக்கும் இதில் தனி வரலாறு உண்டு. 1903-இல் சிம்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றைச் செய்தார். சென்னையில் தொடக்கக் காலத்திலேயே கார் வைத்திருந்த இந்தியருள் நம்பெருமாள் செட்டியார் பெயர் முன்னிற்கிறது. கொங்கு நாட்டின் ஜி. டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே பேருந்து ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். அவர் பெயரால் கோவையில் 2015-இல் கார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னையில் ஏவி.எம். நிறுவனத்தார் 2023-இல் பழங்கார்களும் திரைப்படக் கருவிகளும் கொண்ட காட்சியகம் ஒன்றை அமைத்தனர். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டரிங் கிளப், ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா முதலிய அமைப்புகள் தம் உறுப்பினரின் வண்டிகளைச் சாலைக்குக் கொண்டுவந்து பொதுமக்கள் காணச் செய்கின்றன.

இம்மன்றங்களில் இருவகை விருப்பம் கலந்திருப்பதை உற்று நோக்குவோர் அறிவர். ஒன்று, வண்டி பிறந்த நாளில் இருந்தவாறே இருத்தல் வேண்டும் என்பது. மற்றொன்று, வண்டி ஓடவேண்டும் என்பது. ஓடும் வண்டி தேயும். தேய்ந்த பகுதியை மாற்றவேண்டும். மாற்றாது வைத்திருக்க வேண்டுமாயின் ஓட்டாது நிறுத்தவேண்டும். இவ்விரண்டு விருப்பங்களும் முழுமையாக ஒரு கூரையின்கீழ் வாழ இயலா. நம் இரு சகோதரரின் வழக்கும் இதுவே.

எது அந்த வண்டி?

வழக்கு புதியதன்று. கிரேக்க மன்னன் மிலிந்தன் பௌத்தத் துறவி நாகசேனரைக் காணத் தேரில் வந்தான் என்று மிலிந்தன் கேள்விகள் என்னும் பாலி நூல் கூறும். துறவி மன்னனை வினவுகிறார்: அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்பதே விடை. எல்லாவற்றையும் நீக்கிவிட்டால் வேறே தேர் என ஒன்று உண்டா? அதுவும் இல்லை. உறுப்புகள் கூடி நின்றபோது நாம் இட்டு வழங்கும் பெயரே தேர் என்பது அவர் முடிபு.

கிரேக்க அறிஞர் புளூட்டார்க்கு ஒரு கப்பலைப் பற்றிக் கூறுவார். தீசியசு என்னும் வீரனின் கப்பலை ஏதென்சு மக்கள் போற்றிக் காத்தனர். பலகை உளுத்தபோதெல்லாம் புதுப் பலகை வைத்தனர். எல்லாப் பலகையும் மாறியபின் அது அதே கப்பலா என்று அறிஞர் வாதிட்டனர். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் தாமசு ஹாப்சு வழக்கை மேலும் இறுக்கினார். கழற்றிய பழம்பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து மற்றொரு கப்பலைக் கட்டினால் எது தீசியசின் கப்பல் என்று கேட்டார்.

இது வெறும் அறிவு விளையாட்டு என எண்ணுவார்க்கு ஒரு வழக்கைச் சொல்லலாம். ஓல்டு நம்பர் ஒன் எனப்பட்ட பெண்ட்லி பந்தயக் கார் 1929-இலும் 1930-இலும் பிரான்சு நாட்டின் இலமான் பந்தயத்தில் வென்றது. பின்னர் அதன் உறுப்புகள் பல மாறின. பெரிய எஞ்சின் ஏறியது. 1932-இல் புரூக்லாண்ட்சு பந்தயக் களத்தில் அது கவிழ்ந்து, ஓட்டியவர் உயிர் நீத்தார். அதன்பின் அது மூடிய மேற்கூட்டுடன் மீண்டும் கட்டப்பட்டது. பல்லாண்டு கழித்து ஒரு நிறுவனம் ஒரு கோடி பவுனுக்கு அதை வாங்க உடன்பட்டது. பிறகு, வென்ற வண்டியின் இரும்பில் மிகச் சிறிதளவே இதில் எஞ்சியுள்ளது எனக் கூறிப் பணம் தர மறுத்தது. 1990-இல் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. இரும்பின் அளவு மட்டுமே அடையாளம் ஆகாது என நீதிபதி கண்டார். அவ்வண்டி எந்த நாளிலும் அழிந்து மறைந்து மீண்டும் புதிதாய்ப் பிறந்ததன்று. ஒரே வரலாறு அறுபடாது தொடர்ந்தது. அப்பெயருக்கு உரிமை கோர வேறு வண்டியும் இல்லை. ஆகவே இதுவே ஓல்டு நம்பர் ஒன் என்பது தீர்ப்பு.

தமிழருக்கு இத்தீர்ப்பு வியப்பளிக்காது. திருவாரூர் ஆழித்தேர் 1920-களில் தீக்கிரையாயிற்று. புதுத்தேர் செய்யப்பட்டது. பின்னர்த் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் செய்த இரும்பு அச்சும் சக்கரமும் நீரழுத்தத் தடையும் அதில் ஏறின. பழைய மரம் எங்கே என்று வடம் பிடித்த எவரேனும் கேட்டதுண்டா? எரிந்த மறுநாளே ஊரார் தேரை மறந்திருந்தால், நூறாண்டு கழித்து அதே அளவில் மரத்தைச் செதுக்கி வைத்தாலும் அது ஆழித்தேரின் உருவமாகுமே அன்றி ஆழித்தேர் ஆகாது. ஊர் மறக்கவில்லை, ஆகவே தேர் போகவில்லை.

மிலிந்தன் கதையும் கப்பலின் கதையும் பெண்ட்லி வழக்கும் ஆழித்தேரும் நமக்குக் காட்டுவது ஒன்றே. பொருளின் அடையாளத்தை இரும்பிலும் மரத்திலும் மட்டும் தேடினால் அது நம் கையில் சிக்காது. அப்பொருளைப் பேணிய கைகளின் இடையறாத வரிசையில் தேடினால் சிக்கும். ஹாப்சு கூறிய இரு கப்பல்களுள் மக்கள் நாள்தோறும் பழுது பார்த்து நீரில் வைத்திருந்த கப்பலையே நாம் தேர்வோம். குவித்து வைத்த பழம்பலகைகளைப் பேணிய கை ஏதும் இல்லை. அவற்றைச் சேர்த்து வைத்தவன் மட்டுமே உண்டு.

மாற்றம் எல்லாம் மாசு அன்று

இங்கே மூத்த மகனின் வாதத்தையும் நாம் மதிக்கவேண்டும். பேணுதல் என்ற பெயரால் எதை வேண்டுமானாலும் செருகலாமா என்று அவர் கேட்டார். ஹெரால்டில் இன்று ஒரு புதிய மாருதி எஞ்சினை வைத்து, குளிர்சாதனம் இட்டு, தோற்றத்தை மட்டும் பழமையாகக் காட்டினால் அதுவும் தொடர்ச்சிதானா? இக்கேள்வி நியாயமானது. சட்டமும் இவ்வச்சத்தை உடையது. 2021-இல் மைய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவு நடந்து ஐம்பதாண்டு கடந்த உந்துகள் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகளோடு தனிப்பதிவு பெறலாம். ஆனால் அடிச்சட்டம், மேற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இருத்தல் ஆகாது. அவ்வாறு பதிவு பெற்ற வண்டியைக் காட்சிக்கும் பேரணிக்கும், எண்ணெய் நிரப்பவும் பழுது பார்க்கவும் ஓட்டலாம். அன்றாட வேலைக்கு ஓட்டுதல் கூடாது.

பழம்பொருளின் உண்மையைக் காக்க இத்தகைய வேலி வேண்டியதே. எனினும் இத்துறையில் ஆழ்ந்தவர்கள் மற்றொன்றையும் கண்டிருக்கின்றனர். உலகப் பழங்கார் மன்றங்களின் கூட்டமைப்பு 1966-இல் தோன்றியது. அது 2012-இல் தூரின் சாசனம் என ஒன்றை ஏற்றுக்கொண்டது. ஒரு வண்டி தன் இயல்பான வாழ்நாளில் பெற்ற மாற்றங்களும் அதன் வரலாற்றுக்குச் சான்று என அச்சாசனம் கருதுகிறது. எனவே ஒவ்வொரு வண்டியையும் பிறந்த நாள் தோற்றத்துக்கே திருப்பியாக வேண்டும் என்பதில்லை. பழுது பார்ப்பவர் தம் திறமையைக் காட்டுவதற்காக வரலாற்றைத் துடைத்துவிடக் கூடாது என்பது அதன் உட்பொருள்.

அவ்வாறாயின் எந்த மாற்றத்தை ஏற்பது, எதை விலக்குவது? நம் பெரியவரின் காரையே பார்ப்போம். அதில் இருவகை மாற்றம் நிகழ்ந்தது. ஒன்று துரு, மற்றொன்று படாக். துருவை யாரும் செய்யவில்லை. கவனிப்பார் இல்லாத இடத்தில் அது தானே வந்தது. வந்த இடத்தில் இரும்பைத் தின்றது. தின்ற இடத்தில் எதையும் வைக்கவில்லை. படாக்கோ ஒருவர் எண்ணித் தேர்ந்து, அளந்து, இழைத்து வைத்தது. பழைய பலகை செய்த வேலையை அது செய்தது. வண்டி தன் ஓட்டத்தை நிறுத்தாதிருக்க அது வந்தது. தன் பெருமைக்காக வரவில்லை. முதலாவது இழப்பு; இரண்டாவது ஈடு. தொழிற்சாலைப் பட்டியலில் இரண்டுமே இல்லை என்பதற்காக இரண்டையும் ஒன்றென எண்ணுதல் பிழை. காட்சிக்காகச் செருகும் புதிய எஞ்சினும் இவ்வளவையால் விலகிவிடும். ஏனெனில் பழையது பழுதாகாதபோதே அதைத் தூக்கி எறிந்துவிட்டு வருவது அது.

தீவிலுள்ள தமிழ்

இவ்வளவும் ஒரு காரைப் பற்றியே என்றால் ஒரு மலரில் இத்தனை பக்கம் வேண்டியதில்லை. நம்மைப் பற்றியும் இக்கேள்வி எழுகிறது. நம்மில் சிலர் இராமநாதபுரத்திலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்தோம். சிலர் 1964-ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கைக்குப்பின் இலங்கைத் தோட்டங்களை விட்டுக் கச்சால் தீவின் ரப்பர்க் காட்டுக்கு வந்தனர். நம் பிள்ளைகள் தெருவில் இந்தி பேசுகின்றனர். வங்காளியரோடும் தெலுங்கரோடும் காரெனியரோடும் நிக்கோபாரியரோடும் கூடிப் படிக்கின்றனர். ஊரிலிருந்து வரும் உறவினர் அவர்கள் பேசும் தமிழைக் கேட்டு நகைப்பதுண்டு. “இது நம் தமிழா?” என்று கேட்பதும் உண்டு. அந்நகைப்பு நம் இல்லங்களில் எத்தனை இளம் நாவை அடக்கியிருக்கிறது என்பதை நாம் அறிவோம். திருத்தம் அஞ்சித் தமிழையே விட்டுவிட்ட பிள்ளைகள் நமக்குத் தெரியும்.

அவர்களுக்கு நாம் கூற விரும்புவது இது. உங்கள் தமிழில் துருவும் இருக்கலாம், படாக்கும் இருக்கலாம். இரண்டையும் பிரித்து அறியுங்கள். பாட்டியின் சொல் ஒன்றை வீட்டில் எவரும் சொல்லாததால் அது மறைந்தால் அது துரு. அதைச் சுரண்டி நல்ல தகடு வைக்கவேண்டும். ஊரில் இல்லாத மரத்துக்கும் மீனுக்கும் காற்றுக்கும் இங்கே ஒரு சொல் வேண்டியிருந்து, அண்டை வீட்டாரின் சொல்லை வாங்கித் தமிழின் உருபைச் சேர்த்துப் புழங்கினால் அது படாக். படாக் என்னும் சொல்லே பர்மியரிடமிருந்து வந்தது. அம்மரமோ நம் வேங்கைக்கும் செம்மரத்துக்கும் நெருங்கிய உறவு. மூன்றையும் ஒரே இனப்பெயரால் தாவர நூலார் வழங்குவர். பெயரால் அயலாகவும் பிறப்பால் உறவாகவும் உள்ள மரம் அது. அதனால் ஆன பலகை ஒரு சென்னைக் காரின் முகப்பில் அமர்ந்ததில் முறைகேடு எங்கே இருக்கிறது?

இதில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெரியவர் ஆண்டுதோறும் சட்டத்தைச் சுரண்டினார் என்பதை மறத்தல் ஆகாது. ஆண்டுக்கு ஒருநாள் விழாவில் மட்டும் தமிழைத் துடைத்து நிறுத்திவிட்டு, எஞ்சிய நாளெல்லாம் கொட்டகையில் பூட்டி வைப்போமானால், நாம் எத்தனை மன்றம் அமைத்தும் பயனில்லை. வெளிப்பூச்சு மின்னும், அடியில் இரும்பு இராது.

பேணுதலும் உடைமையும்

இன்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஒரு பழைய இரும்புக்கு இத்தனை பணமும் பதினான்கு மாத உழைப்பும் தகுமா? ஆழிப்பேரலையில் வீடிழந்தோர் நிறைந்த காலத்தில் அது முறைதானா என்று அன்று நாமே மனத்துக்குள் கேட்டோம். இதற்கு வள்ளுவப் பெருந்தகை ஒரு வழி காட்டியுள்ளார். நன்றியில் செல்வம் என ஓர் அதிகாரம் வகுத்து, தானும் துய்க்காது பிறர்க்கும் பயன்படாது கிடக்கும் பொருளை அவர் பழித்தார். பொருளின் விலையைக் காட்டிலும் அது யாருக்கும் உதவாது கிடப்பதே அங்குக் குற்றம். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை நாம் போற்றுவதும் அத்தேரின் அழகுக்காக அன்று. தேர் எதற்குப் பயன்பட்டது என்பதற்காகவே போற்றுகிறோம்.

பெரியவரின் ஹெரால்டு எதற்குப் பயன்பட்டது? ஓடிய நாளெல்லாம் அது தெருவின் வண்டியாக இருந்தது. பிள்ளைப்பேற்றுக்கு நம் தெருப் பெண்கள் எத்தனையோ பேர் இரவில் அதில்தான் மருத்துவமனைக்குச் சென்றனர். பதினான்கு மாதம் அதைப் பிரித்துக் கிடத்தியபோது, வேலையிழந்த இளைஞர் நால்வர் உடனிருந்து தொழில் கற்றனர். அவர்களுள் இருவர் இன்று தனிப் பட்டறை வைத்துள்ளனர். ஹெரால்டு செய்த நிறுவனத்தின் உற்பத்தி 1988-ஓடு நின்றுவிட்டது. உறுப்புகள் கடையில் கிடைப்பதில்லை. ஆகவே கையால் செய்யக் கற்றாக வேண்டும். வண்டியைக் காத்த கை அக்கல்வியையும் காத்தது. பெரியவர் தம்மை அதன் உடைமையாளர் என்று கூறி நாம் கேட்டதில்லை. “என்னிடம் இருக்கிறது” என்பார். உடையவன் விற்கலாம், பூட்டலாம், அழிக்கலாம். ஓம்புகிறவனோ அடுத்த கைக்குச் சேர்க்கும் வரை கடன்பட்டவன்.

நாம் சொன்ன விடை

சகோதரர் இருவரையும் ஒரு மாலையில் அழைத்தோம். சாத்தம் பாலத்துக்கருகே கார் நின்றிருந்தது. முன்மூடியை முழுதும் முன்புறமாகச் சாய்த்துத் திறந்து இளையவர் ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். நாம் மூன்று சொன்னோம். பலகையை எடுக்கவேண்டாம், அதனடியில் யார், எந்த ஆண்டில், எம்மரத்தால் செய்தார் என எழுதி வையுங்கள். அவ்வாறு எழுதினால் அது ஒட்டுவேலை என்னும் பெயர் நீங்கி வரலாறாகும். துருவில் மட்டும் இரக்கம் காட்டவேண்டாம். மூத்தவர் சென்னையில் பெற்ற அறிவும் தொடர்பும் அதற்கு வேண்டும். எங்கே இருப்பது என்பதை, யார் அதை வாரந்தோறும் ஓட்டுவார் என்பதைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.

மூத்தவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து அந்தப் பலகையின்மேல் கையை வைத்தார். சாவித்துளையைச் சுற்றி மரம் வழவழப்பாய்த் தேய்ந்திருந்தது. நாற்பதாண்டு ஒரே கை பட்ட தேய்வு அது. “கார் இங்கேயே இருக்கட்டும், தம்பி. சட்டத்துக்கு வேண்டிய தகட்டை நான் அனுப்புகிறேன்” என்றார். அப்போது அவர் குரல் தெளிவாக இல்லை.

முற்றாகத் தீர்ந்துவிட்டது என நாம் கூறவில்லை. தனிப்பதிவுக்கு அவ்வண்டி தகுதி பெறுமா என்பது அதிகாரிகள் ஆராய்ந்து கூறவேண்டியது. அடுத்த மழைக்காலம் புதுத் துருவைக் கொண்டுவரும் என்பதும் உறுதி. ஆயினும் தந்தை விட்டுச்சென்றது என்ன என்பதை மக்கள் இருவரும் இப்போது ஒருபடித்தாய் அறிவர். அது வண்டி மட்டும் அன்று. அதை நாளைக்கும் பழுது பார்க்கவேண்டிய கடமையும் ஆகும். நம் பெற்றோர் மூன்று நாள் கடலைக் கடந்து நமக்குக் கொண்டுவந்து தந்த மொழியும் அத்தகையதே. அதைப் பிறந்த நாளில் இருந்தவாறே நாம் பெறவில்லை. அவ்வாறே விட்டுச் செல்லவும் போவதில்லை. ஓடும் நிலையில் பெற்றோம். ஓடும் நிலையில் அடுத்த கைக்குச் சேர்ப்போமாக.